இரண்டு கணக்குப்பிள்ளைகள்

“சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, நாலைந்து கிலோ இறங்கினால் நல்லது” என்று எங்கள் குடும்ப வைத்தியர் சென்ற தை மாதத்தில் சொல்லி அனுப்பிய நாள்தொட்டு, என் சரீரத்தின் வரவு செலவைக் கவனிக்க இரண்டு கணக்குப்பிள்ளைகள் அமர்த்தப்பட்டிருக்கிறார்கள். ஒருவர் கைப்பேசிக்குள் குடியிருக்கும் செயலி. நான் உண்பதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு, நாளொன்றுக்கு நான் எத்தனை கலோரி எரிக்கிறேன் என்பதையும் கூடவே சொல்பவர். மற்றவர் கோயம்புத்தூரில் இருக்கும் என் மகள் வாங்கி அனுப்பிய கைக்கடிகாரம். மணிக்கட்டைப் பற்றி நாடி பார்த்தபடியே அதே கணக்கைத் தம் போக்கில் எழுதுபவர். ஒரே எஜமானனுக்கு ஊழியம் செய்யும் இவ்விருவரும் ஒரு நாளாவது ஒரே தொகையைச் சொல்லக் கேட்கும் பாக்கியம் இதுவரை எனக்குக் கிட்டவில்லை.

விடியற்காலை ஐந்தரை மணிக்கு, படுக்கையை விட்டு இறங்கிக் கால் தரையில் பதியுமுன்பே, இன்றைய செலவு 1,961 கலோரி என்று செயலி அறிவித்துவிடுகிறது. அதே வேளையில் கடிகாரமோ 327 என்கிறது. முக்கால் மணி நேரம் நடந்துவிட்டு வந்தால் செயலி 179-ஐச் சேர்த்து 2,140 என்று திருத்தி எழுதுகிறது. இரவு பத்து மணிக்குக் கடிகாரம் 2,318 என்று முடிக்கிறது. மறுநாள் அதே தெருக்கள், அதே முக்கால் மணி, அதே காப்பி. கடிகாரத்தின் தொகை மட்டும் 2,190. “ஏம்மா, நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் நான் என்ன செய்யாமல் விட்டுவிட்டேன்?” என்று மகளைத் தொலைபேசியில் கேட்டேன். “அப்பா, அது ஏதோ ஒரு கணக்குப் போட்டுச் சொல்லுது, விட்டுடுங்க” என்றாள். எந்தக் கணக்கு என்பதைத்தான் அவளாலும் சொல்ல முடியவில்லை. பொழுது போகாத மனிதன் ஆதலால், அந்தக் கணக்கின் ஊற்றுக்கண்ணைத் தேடிப் போனேன்.

முதலில் கலோரி என்பது இன்னதென்று தெளிந்துகொள்ள வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு பாகை செல்சியஸ் உஷ்ணமேற்றத் தேவைப்படும் சக்தியே உணவுக்காரர்கள் வழக்கில் ஒரு கலோரி. பௌதிகக்காரர்கள் இதையே கிலோகலோரி என்பார்கள். என் செயலி சொல்லும் 1,961 கலோரி, நம் ஊர்க் குழாயில் முப்பது பாகையில் வரும் தண்ணீர் இருபத்தெட்டு லிட்டரைத் தளதளவென்று கொதிக்க வைத்துவிடும். இத்தனை நெருப்பையும் நாம் நாள்தோறும் சத்தமில்லாமல் உள்ளே எரித்துக்கொண்டு, மின்விசிறிக்கு அடியில் அமர்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருக்கிறோம் என்பதே ஓர் ஆச்சரியந்தான்.

இந்த உள்நெருப்பை அளக்க முதன்முதலில் ஒழுங்காக முயன்றவர் பிரெஞ்சு விஞ்ஞானி லவாய்சியே. 1782-83 குளிர்காலத்தில், கணித மேதை லப்லாஸின் துணையோடு, ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தினுள் வைத்து, அதன் உடல் வெப்பத்தில் எவ்வளவு பனி உருகி நீராகிறது என்று அளந்து, அந்தப் பிராணி வெளிவிடும் கரியமிலவாயுவோடு அதை ஒப்பிட்டு, சுவாசம் என்பது மெதுவாக எரியும் தீயே என்ற முடிவுக்கு அவர் வந்தார். அவரைப் பிரெஞ்சுப் புரட்சி 1794-ல் சிரச்சேதம் செய்தது. ஒரு நூற்றாண்டு கழித்து, அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் மிடில்டவுன் என்னும் சிற்றூரில், அட்வாட்டர் என்பவர் ரோஸா என்ற பௌதிக அறிஞரோடு சேர்ந்து, ஓர் ஆள் உள்ளே உண்டு உறங்கி நாட்கணக்கில் தங்கத்தக்க, சிறிது வெப்பமும் கசிந்து போகாத ஒரு சிற்றறையைக் கட்டினார். உள்ளே போன உணவு, வெளியே வந்த உஷ்ணம், காற்று, கழிவு எல்லாவற்றையும் நிறுத்தும் அளந்தும் பார்த்ததில் வரவும் செலவும் வியக்கத்தக்க அளவில் பொருந்தின. மாவுச்சத்துக் கிராமுக்கு 4, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என்று இன்றும் பிஸ்கத்துப் பொட்டலத்தின் முதுகில் அச்சாகும் கணக்கு அவர் வழியாக வந்ததே.

ஆக, மனிதனுடைய சக்திச் செலவை உண்மையாகவே அளக்க விரும்பினால், அவனை ஓர் அறையில் பூட்ட வேண்டும். அல்லது முகத்தில் மூடி பொருத்தி, அவன் உட்கொள்ளும் பிராணவாயுவையும் வெளிவிடும் கரியமிலவாயுவையும் அளக்க வேண்டும். என் இரு கணக்குப்பிள்ளைகளும் இவற்றில் எதையும் செய்வதில்லை. அவர்கள் என்னை அளக்கவே இல்லை. என்னைப் போன்றவன் இவ்வளவு செலவழிப்பான் என்று அனுமானிக்கிறார்கள். யார் அந்த ‘என்னைப் போன்றவன்’ என்று விசாரிக்கப் புகுந்தபோதுதான் விஷயம் சுவாரசியமாயிற்று.

அட்வாட்டரின் சகாவாயிருந்து பிறகு பாஸ்டன் நகரில் கார்னகி ஸ்தாபனத்தின் போஷாக்கு ஆராய்ச்சிச் சாலைக்குத் தலைவரான பெனடிக்ட், வெறும் வயிற்றோடு அசையாமல் படுத்திருக்கும் மனிதர்களின் சுவாசத்தைப் பல ஆண்டுகள் சளைக்காமல் அளந்து குவித்தார். உண்டது முழுவதும் ஜீரணமாகி, விழித்திருந்தும் அங்கம் ஓய்ந்த அந்நிலையில், மூச்சு ஓடவும் இதயம் துடிக்கவும் மட்டும் ஆகும் செலவை அடிப்படை வளர்சிதை மாற்ற வீதம் என்று வைத்தியர்கள் நீட்டி முழக்குவார்கள். நாம் இங்கே ஆதாரச் செலவு என்று சுருக்கமாக வழங்குவோம். பெனடிக்ட் குவித்த தொகைகளிலிருந்து ஒரு சூத்திரம் சமைத்துக் கொடுத்தவர் ஹாரிஸ். இவர் தாவரவியல்காரர், செடிகொடிகளின் அளவுகளை எண்கணிதத்தால் ஆராய்வதில் வல்லவர். 136 ஆண்கள், 103 பெண்கள், 94 பச்சிளங்குழந்தைகள் ஆகியோரின் அளவுகளைக் கொண்டு இருவரும் 1919-ல் வெளியிட்ட சமன்பாட்டில், ஒருவருடைய எடை, உயரம், வயது மூன்றையும் இட்டால் ஆதாரச் செலவு வந்து விழும். நூறாண்டுக்கு மேலாகியும் அது ஓய்வு பெறவில்லை; பல செயலிகளின் வயிற்றுக்குள் இன்னும் உயிரோடிருக்கிறது. 1990-ல் நெவாடாவில் 498 பேரை அளந்து மிஃப்ளினும் செயின்ட் ஜோரும் அவர்களுடைய சகாக்களும் செய்த புதுச் சமன்பாடு இன்று அதைவிட அதிகமாகப் புழங்குகிறது. எடையைப் பத்தாலும், உயரத்தைச் சென்டிமீட்டரில் 6.25-ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கிக் கழித்து, ஆணானால் 5 சேர்த்து, பெண்ணானால் 161 குறைத்துக்கொள்ள வேண்டும்; அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துப் பையன் சிலேட்டில் போட்டுவிடக்கூடிய கணக்கு.

நானும் போட்டுப் பார்த்தேன். வயது 58, எடை 68 கிலோ, உயரம் 165 சென்டிமீட்டர். மிஃப்ளின் வழியில் 1,426 வருகிறது. ஹாரிஸ்-பெனடிக்ட் வழியில் 1,435. இரண்டும் பங்காளிகளைப் போல் ஒட்டியே நிற்கின்றன. கொழுப்பை நீக்கி மிஞ்சும் எடையை மட்டும் கணக்கில் கொள்ளும் வேறொரு சூத்திரம் உண்டு. என் எடையில் முப்பது சதம் கொழுப்பு என்று வைத்தால் அது 1,398 என்கிறது. 1985-ல் உலக சுகாதார ஸ்தாபனமும் அதன் தோழமை ஸ்தாபனங்களும் வகுத்த சூத்திரமோ 1,668 என்கிறது! நான் ஒன்றுமே செய்யாமல் படுத்துக் கிடந்தாலும், எந்தப் பெரியவர் கணக்குப் போடுகிறார் என்பதைப் பொறுத்து 270 கலோரி கூடியோ குறைந்தோ போகும். அதாவது காலைப் பலகாரத்தில் ஐந்தாறு இட்லி. இன்னும் விசித்திரம், இந்தக் கடைசிச் சூத்திரம் வயதை ஆண்டு ஆண்டாகப் பார்ப்பதில்லை. முப்பது முதல் அறுபது வரை ஒரு தட்டு, அதற்கு மேல் ஒரு தட்டு என்று பிரித்து வைத்திருக்கிறது. அறுபதைத் தாண்டிய தட்டில் இதே எடைக்கு 1,405தான் வருகிறது. ஆகையால் எனக்குச் சஷ்டியப்தபூர்த்தி நடக்கும் நாளில், மாலை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே, ஒரே நொடியில் 263 கலோரி செலவு குறைந்தவனாகிவிடுவேன். உண்மையில் சரீரம் அப்படிப் படிக்கட்டில் இறங்குவதில்லை. இருபத்தொன்பது நாடுகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் அளவுகளைத் திரட்டி 2021-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, உடல் பருமனைக் கணக்கில் கொண்டு பார்த்தால் இருபதிலிருந்து அறுபது வயது வரை செலவு ஏறக்குறைய மாறாமல் நிற்கிறதென்றும், அதன் பின்னர் ஆண்டுக்கு 0.7 சதம் வீதம் மெல்லக் குறைகிறதென்றும் காட்டியது. நாற்பது வயதில் தொந்தி விழுவதற்கு வயதின் மேல் பழி போட்டுவந்த எங்களைப் போன்றவர்களுக்கு அது ஒரு துக்கச் செய்தி.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் தொகை அத்தனை உயரத்தில் நிற்பதற்கு ஒரு காரணம் சொல்லப்படுகிறது. அதற்கு ஆதாரமாகத் திரட்டிய ஏழாயிரத்துச் சொச்சம் அளவுகளில் ஏறக்குறைய பாதி இத்தாலியர்களுடையவை; அவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் உலக யுத்தத்தையொட்டிய காலத்துப் படைப்பள்ளி மாணவர்களும் தொழிலாளிகளும் ஆவர். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் மற்ற ஐரோப்பியரைக் காட்டிலும் இவர்களுடைய செலவு அதிகமென்று பிற்பாடு கண்டார்கள். முசோலினி காலத்து முறுக்கான வாலிபர்களின் உள்நெருப்பை, சாய்வு நாற்காலியில் சாய்ந்திருக்கும் எனக்கு ஏற்றிச் சொன்னால் தொகை ஏன் பொருந்தப் போகிறது?

நம்மவர்களை யாரும் அளக்கவே இல்லையா என்ற கேள்வி இங்கே எழுவது நியாயம். அளந்திருக்கிறார்கள், அதுவும் சென்னையிலேயே, அதுவும் சாக்ஷாத் அந்தப் பெனடிக்டின் தொடர்போடு! நுங்கம்பாக்கத்தில் இன்றும் இருக்கும் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியையாயிருந்த எலியனார் மேசன், பெனடிக்டோடு சேர்ந்து தென்னிந்தியப் பெண்களின் ஆதாரச் செலவை அளந்து, 1931-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிச் சஞ்சிகையில் பிரசுரித்தார். அமெரிக்க அளவுகோல் எதிர்பார்த்ததைவிட அவர்களுடைய செலவு கணிசமாகக் குறைந்திருந்தது. காரணம் என்னவென்பதில் அக்காலத்து அறிஞர்கள் ஒருமனப்படவில்லை. வெப்ப தேசத்துச் சீதோஷ்ணம் என்றார்கள் சிலர். உணவு என்றார்கள் சிலர். இனம் என்று எளிதாக முடித்துவிட்டவர்களும் உண்டு. அங்கங்களைத் தளரவிட்டுப் படுக்கும் சுபாவந்தானோ என்ற சந்தேகமும் இருந்தது. உறக்கம் செலவை எவ்வளவு குறைக்கிறது என்பதைத் தென்னிந்தியப் பெண்களிடத்திலேயே ஆராய்ந்து, 1934-ல் மேசனும் பெனடிக்டும் மற்றொரு கட்டுரை எழுதினார்கள். கல்லூரிச் சாலையில் போகும்போதெல்லாம், தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அந்த மதிலுக்குள் விடியற்காலையில் வெறும் வயிற்றோடு அசையாமல் படுத்து, மூச்சைக் கருவிக்குள் விட்டுக்கொண்டிருந்த பெண்களை இப்போது நான் நினைத்துக்கொள்கிறேன். என் கைப்பேசியின் சூத்திரம் அவர்களைக் கேட்டதில்லை.

அந்தப் புதிருக்கு விடை கிடைக்க மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பெங்களூரில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சியாளர்கள் இத்துறையில் நெடுங்காலம் உழைத்தவர்கள். இந்தியர்களையும் ஆஸ்திரேலியர்களையும் ஒப்பிட்டு 1998-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, உடலின் அமைப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் இனத்தால் வரும் வித்தியாசம் என்று தனியே ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டியது. எடை ஒன்றானாலும் அந்த எடைக்குள் இருக்கும் சரக்கு வேறு. ஓய்விலிருக்கும் தசை கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 13 கலோரி செலவழிக்கும், கொழுப்போ 4.5-தான்; மூளை 240, ஈரல் 200, இதயமும் சிறுநீரகமும் ஆளுக்கு 440. நம்மவர் உடலில் அதே எடைக்குத் தசை குறைவு, கொழுப்பு கூடுதல். இதற்குப் பூனா வைத்தியர் யாஜ்னிக்கும் லண்டன் வைத்தியர் யுட்கினும் 2004-ல் தங்களையே சாட்சியாக நிறுத்திப் படம் எடுத்துப் பிரசுரித்தார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் குறிக்கும் எண் இருவருக்கும் 22.3, அக்ஷரம் பிசகவில்லை. ஆனால் லண்டன்காரர் உடலில் கொழுப்பு 9.1 சதம், பூனாக்காரர் உடலில் 21.2 சதம். எடையையும் உயரத்தையும் மட்டும் கேட்கும் செயலிக்கு இவ்விருவரும் ஏறத்தாழ ஒரே மனிதர். நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இந்தியர்களுக்கான தேவையை வகுத்தபோது உலக ஸ்தாபனத்தின் தொகையிலிருந்து ஐந்து சதம் தள்ளிக் கொண்டதற்கு நம்மவர் செலவு குறைவு என்று கண்ட அளவுகளே காரணம். அந்தத் தள்ளுபடியை உங்கள் செயலி கொடுக்கிறதா என்பதை அதன் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

இவ்வளவும் படுத்துக் கிடப்பதற்கான செலவு. எழுந்து நடமாடும் செலவுக்குச் செயலி வைத்திருக்கும் உபாயம் இதைவிட எளிமையானது. ‘உட்கார்ந்த வாழ்க்கை’, ‘லேசான நடமாட்டம்’, ‘மிதமான உழைப்பு’ என்று நாலைந்து பெயர்களை நீட்டி, நீங்கள் எந்த ஜாதி என்று கேட்கிறது. சொன்னதும் ஆதாரச் செலவை 1.2, 1.375, 1.55 என்ற எண்களில் ஒன்றால் பெருக்கிவிடுகிறது. தினமும் நடக்கிறவன் என்ற கௌரவத்தில் நான் இரண்டாவதைத் தொட்டிருந்தேன். 1,426-ஐ 1.375-ஆல் பெருக்கினால் 1,961. விடியற்காலையில் செயலி சொல்லும் தொகை இதுதான். முதலாவதைத் தொட்டிருந்தால் 1,711; மூன்றாவதை என்றால் 2,210. விரல் நுனி அரை அங்குலம் மேலே போவதற்கும் கீழே போவதற்கும் நடுவில் ஒரு வேளைப் பலகாரம் அடங்கிவிடுகிறது. என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாத காலைப் பொழுதில் செயலி நாள் முழுவதற்கும் தீர்ப்புச் சொல்லும் சூட்சுமமும் இதுவே. கடிகாரமோ அப்படி முன்கூட்டிச் சொல்வதில்லை. 1,426-ஐ இருபத்து நான்கு மணிக்குப் பங்கிட்டு, நிமிஷத்துக்கு நிமிஷம் சேர்த்துக்கொண்டே போகிறது. ஐந்தரை மணிக்கு 327 வந்தது அவ்விதந்தான். ஒருவர் வருஷாரம்பத்து வரவு செலவுத் திட்டத்தைக் காட்டுகிறார். மற்றவர் அன்றாடக் கல்லாவைக் காட்டுகிறார். இரண்டையும் விடியற்காலையிலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் கலங்கியது என் பிசகு. கடிகாரத்தையும் செயலியையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டவர்களின் கலக்கம் இதனினும் பெரிது. கடிகாரம் அதுவரை காட்டிய தொகையைக் கொண்டு நள்ளிரவு வரை எவ்வளவு ஆகும் என்று ஊகித்து, தம் காலைத் தீர்ப்போடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைச் சில செயலிகள் நாள் முழுதும் கூட்டியும் கழித்தும் காட்டுகின்றன. ஆகவே காலை நடை முடிந்ததும் தாராளமாக அளித்த சலுகையை, மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்தவுடன் திரும்பப் பிடுங்கிக்கொள்கின்றன.

நடைக்கு வந்த 179-ல் இரண்டு பிழைகள் ஒளிந்திருந்தன. ஒவ்வொரு வேலையும் ஓய்வைப் போல் எத்தனை மடங்கு செலவு பிடிக்கும் என்பதற்கு ஓர் அட்டவணை உண்டு. ஆராய்ச்சியாளர்களுக்காக 1993-ல் முதன்முதல் தொகுக்கப்பட்டது. சாதாரண வேக நடைக்கு மூன்றரை மடங்கு. ஓய்வு என்பது கிலோவுக்கு மணிக்கு ஒரு கலோரி என்று எல்லோருக்கும் பொதுவாக வைத்துக்கொண்டு, 68 கிலோவை 3.5-ஆலும் முக்கால் மணியாலும் பெருக்கினால் 179 சரியாக வந்துவிடுகிறது. ஆனால் அந்த முக்கால் மணியும் நான் சும்மா உட்கார்ந்திருந்தாலே 51 கலோரி செலவாகியிருக்கும். அது ஏற்கெனவே நாள் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. ஆகவே நடைக்கென்று ஆன அதிகச் செலவு 128-தான். இரண்டாவது பிழை என்னுடையது. ‘லேசான நடமாட்டம்’ என்று நான் தொட்டபோதே இந்த நடை 1,961-க்குள் அடங்கிவிட்டது. அதன் மேல் மறுபடியும் 179 என்பது ஒரே ரசீதை இரண்டு முறை பற்று எழுதுவது. போதாததற்கு, அந்த ‘கிலோவுக்கு மணிக்கு ஒரு கலோரி’ என்னும் ஆணிவேரே அத்தனை உறுதியானதில்லை. 642 பெண்களையும் 127 ஆண்களையும் நேரில் அளந்து 2005-ல் வெளியான ஆராய்ச்சியில் சராசரி 0.84-ஆகவே இருந்தது.

கைக்கடிகாரத்தின் பாடு வேறு. பச்சை வெளிச்சத்தைத் தோலின் மேல் பாய்ச்சி, இரத்தம் வந்து போகும் ஏற்றத்தாழ்விலிருந்து நாடித்துடிப்பை எண்ணுகிறது. கையின் வீச்சிலிருந்து அடிகளை எண்ணுகிறது. இவற்றில் நாடியைச் சரியாகவே எண்ணிவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தார் ஏழு வகைக் கருவிகளை 60 பேரின் மணிக்கட்டில் கட்டிச் சோதித்து 2017-ல் வெளியிட்டதில், ஆறு கருவிகள் நாடியை ஐந்து சதத்துக்குட்பட்ட பிழையோடு சொல்லின. ஆனால் கலோரிக் கணக்கில் தலைசிறந்த கருவிக்கே பிழை சராசரி 27 சதம். கடைசியாக நின்றதற்கு 93 சதம். கருவிகள் அப்போதைவிட இப்போது தேறியிருக்கலாம். நாடியிலிருந்து கலோரிக்குத் தாவும் அந்தத் தாவலோ இன்னும் தாவலாகவே இருக்கிறது. ஏனெனில், நாடி விரைவது உழைப்பினால் மட்டுமா? வெயில், காப்பி, உறக்கமின்மை, கோபம், கிரிக்கெட் பந்தயத்தின் கடைசி ஓவர் எல்லாம் அதை விரைவிக்கும். அவற்றில் கொழுப்பொன்றும் பெரிதாகக் கரைவதில்லை. முந்தின நாள் என் தொகை 128 கூடுதலாக இருந்ததற்கு, மின்சாரக் கட்டணத்தைப் பற்றி ஒரு மணி நேரம் தொலைபேசியில் வாதாடியது காரணமாயிருக்கலாம் என்று இப்போது சந்தேகிக்கிறேன்.

அடி எண்ணுவதிலும் அதற்குச் சில பலவீனங்கள் உண்டு. எங்கள் தெருக் கோயிலில் என் தமக்கை அடிப்பிரதட்சணம் செய்தபோது கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டாள். கைகூப்பியபடி, அடிமேல் அடி வைத்து மூன்று சுற்று. கால் கடுத்துப்போய் வந்து உட்கார்ந்தவளுக்குக் கடிகாரம் அளித்த அடிகள் சொற்பம். மறுநாள் மண்டபத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து பஜனைக்குத் தாளம் போட்டதற்கு வாரி வழங்கியது. “தம்பி, இதுக்குப் பக்தி எதுன்னு தெரியலையே!” என்றாள். ‘நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி’ என்னும் வேதவாக்கும், டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு மறுவருஷம், 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியெண்ணும் கருவியின் பெயரிலிருந்து பிறந்ததென்பதை அவளிடம் நான் சொல்லவில்லை.

அப்படியானால் ஒரு மனிதன் தன் வழக்கமான வாழ்க்கையில் செலவழிப்பதை உள்ளபடி அறிய உபாயமே இல்லையா? ஒன்று இருக்கிறது, விலை அதிகம். ஹைட்ரஜனும் பிராணவாயுவும் சற்றுக் கனமான வகையைச் சேர்ந்தவையாயுள்ள விசேஷத் தண்ணீரை ஒருவரைப் பருகச் செய்து, அடுத்த ஒன்றிரண்டு வாரங்களில் அவருடைய சிறுநீரைச் சோதிக்கிறார்கள். கனமான ஹைட்ரஜன் நீராக மட்டுமே வெளியேறும். கனமான பிராணவாயு நீராகவும் கரியமிலவாயுவாகவும் வெளியேறும். இரண்டும் குறையும் வேகத்தின் வித்தியாசத்திலிருந்து, அவர் வெளிவிட்ட கரியமிலவாயு எவ்வளவு, அதற்காக எரித்தது எவ்வளவு என்று கணக்கிடலாம். மனிதர்களிடத்தில் 1980-களில் இம்முறை புழக்கத்துக்கு வந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: இந்த உத்தமமான முறைகூட வாரக்கணக்கின் சராசரியைத்தான் தருமேயல்லாமல், நேற்று இவ்வளவு, இன்று இவ்வளவு என்று பிரித்துச் சொல்வதில்லை. ஆராய்ச்சிச் சாலைகளே கேட்கத் தயங்கும் கேள்விக்கு என் மணிக்கட்டு இரவுதோறும் நான்கு இலக்கத்தில் விடை சொல்கிறது.

இம்முறையைக் கொண்டு, தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் பிழைக்கும் ஹட்ஸா மக்களை ஹெர்மன் பான்ட்ஸரும் அவர் குழுவினரும் அளந்து 2012-ல் வெளியிட்டபோது, அத்துறையிலேயே பலர் திகைத்தார்கள். நாள்தோறும் மைல் கணக்கில் நடக்கும் அவர்களுடைய மொத்தச் செலவு, உடல் பருமனை ஒப்புநோக்கிப் பார்த்தால், மோட்டாரில் போய் நாற்காலியில் உட்காரும் மேல்நாட்டாரின் செலவிலிருந்து வேறுபடவில்லை! ஓரிடத்தில் கூடுதலாகச் செலவானால் சரீரம் வேறிடத்தில் சிக்கனம் பிடித்துக்கொள்கிறது போலும் என்பது பான்ட்ஸரின் கருத்து. எல்லோரும் அதை முழுக்க ஏற்றுவிடவில்லை. எனினும் நடைக்கு இத்தனை, மாடிப்படிக்கு இத்தனை என்று ஒன்றன் மேல் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போகும் செயலியின் கணக்குமுறை ஆட்டம் காண அதுவே போதும். ஆளுக்கு ஆள் உள்ள பேதமோ இன்னும் பெரிது. லெவின் என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் 16 பேருக்கு எட்டு வாரம் நாள்தோறும் 1,000 கலோரி அதிகமாக ஊட்டிப் பார்த்ததில், ஒருவருக்கு ஏறிய கொழுப்பு 360 கிராம். வேறொருவருக்கு நாலே கால் கிலோ. இருந்த இடத்தில் கால் ஆட்டுவது, எழுந்து எழுந்து உட்காருவது, நின்றபடி பேசுவது முதலிய சில்லறை அசைவுகளாலேயே முன்னவர் வந்ததில் பெரும்பகுதியை எரித்துத் தள்ளிவிட்டார். என் தாயார் கால் ஆட்டாதே என்று கண்டித்து வளர்த்ததன் பலனை இப்போது அனுபவிக்கிறேன்.

வரவுப் பக்கமும் சுத்தமில்லை. அட்வாட்டர் கணக்குப்படி ஒரு பிடி பாதாம் பருப்பில் இருப்பதாக எழுதப்பட்ட 170 கலோரியில், ஜீரணமாகி உடலில் சேர்வது 129-தான் என்று அமெரிக்க விவசாய இலாகாவினர் 2012-ல் கண்டார்கள். பாதாமே இப்படியென்றால், எந்த எண்ணெய் எத்தனை கரண்டி என்று சமைத்தவருக்கே நினைவில்லாத கத்தரிக்காய் எண்ணெய்க் குழம்புக்குச் செயலி சொல்லும் தொகையை எப்படி நம்புவது?

ஆனாலும் ஒரு வழி புலப்பட்டது; புதுமையொன்றும் இல்லை, பழைய மளிகைக் கடைக்காரரின் உபாயம். கல்லாவில் எவ்வளவு போயிற்று என்று தெரியாவிட்டால், வந்த சரக்கையும் இருப்பையும் பார்த்துப் போனதைக் கண்டுபிடித்துவிடுவார் அவர். நான் உண்பதை, தப்போ சரியோ, ஒரே கரண்டி, ஒரே கிண்ணம், ஒரே விதமாக எழுதி வருவது. காலையில் வெறும் வயிற்றில் எடை பார்ப்பது. உப்பும் தண்ணீரும் ஒரே நாளில் ஒரு கிலோ வரை ஏற்றி இறக்கும் ஆதலால், நாள் எடையை விட்டு வாரச் சராசரியை மட்டும் மதிப்பது. குழம்பை நூறு கலோரி குறைத்தே எழுதி வந்தாலும், என்றைக்கும் அதே நூறு குறைவதால், கிடைக்கும் விடை அந்தக் கரண்டிக்குப் பொருத்தமாகவே இருக்கும். ஐந்து வாரத்தில் நான் எழுதிய வரவின் சராசரி 1,640. எடை குறைந்தது 700 கிராம். கிலோவுக்கு 7,700 கலோரி என்னும் பழைய வாய்பாட்டைக் கொண்டால் (இதுவும் உத்தேசந்தான், 1958-ல் ஓர் அமெரிக்க வைத்தியர் பவுண்டுக்கு 3,500 என்று கணக்கிட்டது வழிவழியாக வருகிறது), நாளொன்றுக்கு உடலின் கையிருப்பிலிருந்து 154 எடுத்திருக்கிறேன். ஆக என் செலவு 1,794.

மறுநாள் செயலியைத் திறந்து, ‘லேசான நடமாட்டம்’ என்ற கௌரவத்தைத் துறந்து, ‘உட்கார்ந்த வாழ்க்கை’ என்பதைத் தொட்டேன். தொகை 1,711-க்கு இறங்கியது. நடைக்கு அது தானாகச் சேர்க்கும் 179-ஐ அழித்துவிட்டு 128-ஐக் கையால் எழுதினேன், 1,839. என் கணக்குக்கும் அதன் கணக்குக்கும் இப்போது வித்தியாசம் 45, ஒரு இட்லி. கைக்கடிகாரத்தில் இப்படித் திருத்துவதற்கு இடமில்லை. நேற்று இரவும் 2,304 என்றது. அதில் இப்போது மணி பார்த்துக்கொள்கிறேன்.